பின்வரிசைக்கு ஒரு பதக்கம்

கொங்கு நாட்டில் பள்ளி ஆண்டுவிழா என்றால் ஒரு தீரன் சின்னமலை கட்டாயம் உண்டு. காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்து, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரை மேடையில் நிறுத்தாமல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் விழாவை முடிப்பதில்லை. குண்டடத்தில் ஒரு பையனுக்கு அந்த வேஷம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பாகையும் வாளும் எப்படியோ வந்துவிடும். மாரில் தொங்க வேண்டிய பதக்கத்துக்குத்தான் வீட்டார் தாராபுரத்துக்கோ பல்லடத்துக்கோ போய் ஒரு கவரிங் மாலை வாங்கி வருவார்கள். கடையில் அது ஜொலிக்கும். மேடையேறியதும் பையன் மார்பில் மஞ்சளாக ஒரு கறை தெரியும், அவ்வளவுதான்.

குறை கவரிங்கில் இல்லை. அந்த நகை கைநீட்டும் தூரத்தில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர் பார்க்க வேண்டிய பொருள். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும். 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். 30 மீட்டரில் 9 மில்லிமீட்டர். கவரிங் பதக்கத்தில் இதழுக்கும் இதழுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. பின்வரிசைக்கு அந்த வேலைப்பாடு இல்லாத ஒன்று. இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. போதுமான வெளிச்சம் வீசும் புள்ளி எவ்வளவு சிறியதானாலும் தெரியும். நட்சத்திரம் நமக்குத் தெரிவது அப்படித்தான். வேஷ நகையின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த விதிக்கும் விலக்குக்கும் நடுவில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பேசுவதற்குக் குண்டடத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. ஒரு மணி நேரத் தொலைவுக்குள் ஈராயிரம் ஆண்டுப் பழைய மணித்தொழிலின் தடயமும், டீ-ஷர்ட்டில் கண்ணாடிக் கல் ஒட்டும் இன்றைய தொழிலும் இரண்டும் இருக்கின்றன.

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையில் படியூர் இருக்கிறது. இன்று கடந்து போகிறவர்களுக்கு அது இன்னொரு பேருந்து நிறுத்தம். இங்கே கிடைத்த பெரில் என்னும் இளநீலப் பச்சைக் கல் ஒரு காலத்தில் உலகச் சந்தைக்குப் போனது. 1819–20இல்கூட ஆங்கிலேயர் ஒருவர் இந்தச் சுரங்கத்தைத் தோண்டிக் கல் எடுத்திருக்கிறார். கல் மண்ணுக்குள்ளேயே ஆறு பட்டைப் பென்சில் வடிவில் வளர்கிறது. பக்கத்துச் சிவன்மலை வட்டாரத்தில் நீலக்கல், நொய்யல் கரைப் பக்கம் பளிங்கு. இவையெல்லாம் கூடிய பட்டறை ஊர் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு.

நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள இவ்வூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு நடத்தியது. எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் அதில் முக்கியப் பங்காற்றினர். பின்னர் மாநிலத் தொல்லியல் துறையும், 2012–13இல் ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும் தோண்டின. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளுக்காகவே கொடுமணல் அதிகம் பேசப்படுகிறது. நகை பற்றி எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய செய்தி அங்கே கிடந்த குப்பை. தட்டிப் பிளந்த மூலக்கல், பாதி உருட்டிய கல், தேய்த்தும் மெருகேற்றாத கல், மெருகேற்றியும் துளையிடாத கல், துளையிடும்போது உடைந்த கல் என்று ஒரு மணியின் எல்லாப் பருவங்களும் அங்கே கிடைத்தன. முடிந்த நகை கிடைத்தால் அணிந்தவரைப் பற்றித் தெரியும். உடைந்த நகை கிடைத்தால்தான் செய்தவரைப் பற்றித் தெரியும்.

கல்லின் ஊர்களையும் அந்தக் குப்பை சொல்கிறது. சூதுபவளமும் அகேட்டும் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவை. நீலநிற லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்து மலைக் கல். ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் எடுக்கப்பட்டன. இன்னொன்றில் நீலக்கல்லும் சூதுபவளமும் பதித்த வெண்கலப் புலி. பண்டம் இங்கே வந்து, வேலை ஏறி, வெளியே போயிருக்கிறது. கொடுமணலுக்கு அருகே கத்தாங்கண்ணியில் 1913இல் கிடைத்த 233 ரோமானிய வெள்ளிக் காசுகள் அந்தப் போக்குவரத்தின் எச்சம். வெளியூர் நூலை வாங்கி, உள்ளூர்க் கைகளால் தைத்து, கடல் கடந்து அனுப்பும் இன்றைய திருப்பூரை உடனே இதன் பக்கத்தில் வைக்கத் தோன்றும். அந்த ஒப்பீட்டை மேடைப் பேச்சாளர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

மணி வேலையில் கடினமானது துளை. பளிங்கும் பெரிலும் இரும்பைவிடக் கடினம். இரும்பு ஊசி அவற்றில் வழுக்கும். வில்லால் சுழலும் துளைக்கோலின் முனையில் வைரத்துணுக்கு வைத்தால்தான் இறங்கும். ஒரு பக்கத்திலிருந்தே முழுக்கத் துளைத்தால் மறுபக்கம் வெளிவரும் இடத்தில் கல் சில்லாகத் தெறிக்கும். அதனால் பாதிவரை துளைத்து, திருப்பிப் போட்டு, மறுபாதியைத் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். சிறிது கோணம் பிசகினாலும் அதுவரை போட்ட உழைப்பு குப்பைக்குப் போகும். கொடுமணலின் குப்பையில் பாதி அப்படி வந்ததுதானோ என்று நினைப்பேன்.

இந்தியப் பெரிலைப் பற்றி ரோமானியர் மூத்த பிளினி எழுதியதைப் பதக்கம் செய்கிற யாரும் படிக்க வேண்டும். கி.பி. 79இல் இறந்த அவருடைய இயற்கை வரலாற்றின் 37ஆம் புத்தகம் மணிகளைப் பற்றியது. இந்தியர்கள் பெரிலின் நீளத்தைப் பெரிதும் விரும்புகிறார்கள். துளையிட்டு யானை முடியில் கோக்கிறார்கள். குற்றமே இல்லாத கல்லைத் துளைப்பதில்லை, அதன் இரு முனைகளுக்கு மட்டும் பொன் குமிழ் போட்டுத் தொங்கவிடுகிறார்கள் என்கிறார். துளையிட்டால் உள்ளிருக்கும் மங்கல் நீங்கி ஒளி கூடும் என்று சிலர் கருதியதையும் குறிப்பிடுகிறார். துளைப்பதா வேண்டாமா என்பதை விலையை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை; கல்லுக்குள் ஒளி என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

அதே புத்தகத்தில் பிளினி ஒரு குறையும் சொல்கிறார். பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலி மணி செய்யும் வித்தையை இந்தியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிலைத்தான் அதிகம் போலி செய்கிறார்கள் என்கிறார். ஒருவகையில் இது நம்மவருக்குக் கிடைத்த நற்சான்று. கல்லின் ஒளிவிலகலை அளந்து பார்த்தால் காரணம் புரியும். சாதாரணக் கண்ணாடி 1.5 சொச்சம், பளிங்கு 1.55, பெரில் 1.58 அளவில். கண்ணால் பிரித்தறிய முடியாத வித்தியாசம் இது. வைரம் 2.42; அதைக் கண்ணாடியால் ஏமாற்றுவது கடினம். எதைப் போலி செய்ய முடியும், எதை முடியாது என்பது பட்டறையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருந்தது. அசலைத் துளைத்த கைதான் போலியையும் செய்திருக்க வேண்டும். வேறு யாருக்கு அந்த நுட்பம் வரும்? சிலப்பதிகாரத்தின் வழக்கும் இங்கேதான் திரும்புகிறது. வெளியே ஒன்றுபோல் இருந்த இரண்டு சிலம்புகளை உடைத்தால்தான் ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். பார்க்கும் தூரத்தில் அவை இரண்டும் ஒன்றே.

ஐரோப்பாவிலும் இந்தக் கதை தொடர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகைக்காரர் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியை வைரம்போல் பட்டை தீட்டினார். 1892இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி பட்டை தீட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். இன்று திருப்பூரில் பெண் குழந்தைகளின் டீ-ஷர்ட்டில் ஹீட் பிரஸ் வைத்து ஒட்டும் ‘ஸ்டோன்’ இந்த வழியில் வந்த பேரப்பிள்ளை.

நம் ஊரில் வேஷ நகைக்கு வேறொரு தாய்வீடு உண்டு: கோயில். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் அணியும் தலைசாமான், அட்டிகை, மாங்காய் மாலை, பதக்கம், ஒட்டியாணம் எல்லாம் அந்தப் பாணியைச் சேர்ந்தவை. வெள்ளியில் கூடு கட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் சுவர் எழுப்பி, உள்ளே அரக்கு நிரப்பி, அதன்மேல் சிவப்புக் கெம்பை உட்கார்த்தி, விளிம்பில் பொன் தகட்டை அழுத்தி மூடுவார்கள். கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்காது. கெம்பின் மேல்முகமும் பட்டை தீட்டாமல் வழவழப்பாக, குமிழாக இருக்கும்.

அரக்கு மறைவான பொருள் என்றாலும் கணக்கில் மறைந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்து நகைக் கல்வெட்டுகள் எத்தனை முத்து, எத்தனை மணி என்று எண்ணுவதோடு, எடையில் அரக்கும் சரடும் சேர்ந்திருப்பதையும் எழுதிவைக்கின்றன. நிறுத்துக் கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் சண்டை வரக்கூடாது என்ற முன்யோசனை அது.

குமிழ்க் கெம்பு ஏன்? கருவறையில் சிலை அசைவதில்லை, தீபம் அசைகிறது. குண்டடம் வடுகநாதர் சந்நிதியில் ஆராத்தி காட்டும்போது கவனித்தால் தெரியும். குமிழான முகம் எந்தப் பக்கத்திலிருந்து சுடர் வந்தாலும் அதில் ஒரு துளியைப் பார்ப்பவர் பக்கம் திருப்பிவிடும். சுடர் வட்டமிட, கல்லின்மேல் அந்தப் புள்ளி ஊர்ந்துபோகும். பட்டை தீட்டிய தட்டையான முகம் ஒரே திசையில்தான் ஒளியை எறியும். அசையாத சிலைமேல், குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் பக்தனுக்கு அது பெரும்பாலும் இருண்டே கிடக்கும்.

மேடையில் இது தலைகீழாகிறது. விளக்கு நிலையாக இருக்கும், ஆள் அசைவார். 1935இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி ஆடினார். அவர் பரதத்தின் உடையையும் ஒளியமைப்பையும் மாற்றியமைத்து, கோயில் நகைப் பாணியை மேடைக்கு எடுத்துவந்தார். அழகு வந்தது. ஆனால் தீபத்துக்கென்று பிறந்த கெம்பு நிலையான மின்விளக்கின் கீழ் சிவப்புப் பரப்பாகத்தான் தெரியும், மின்னாது. இன்றைய நாட்டிய செட்டுகளில் கெம்போடு பட்டை தீட்டிய வெள்ளைக் கற்களைக் கலப்பதைச் சிலர் ரசக்குறைவு என்பார்கள். ஒளியின் கணக்குப்படி அது சரியான திருத்தம்.

சினிமாவில் தூரம் என்ற பிரச்சினையே கிடையாது. காமிரா கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நிற்கும். மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படத்துக்கு ஹைதராபாத் நகைக்காரர்களிடம் மெய்யான நகைகளையே செய்து வாங்கியதை ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. திரையில் ஒரு பதக்கம் பத்தடி அகலத்துக்கு விரியும்.

இவற்றையெல்லாம்விட நம் பையனின் பதக்கத்துக்கு நெருங்கிய உறவு வடதமிழ்நாட்டுக் கட்டைக்கூத்தில் இருக்கிறது. ராஜ வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டி விடியவிடிய ஆடுவார். இவை உலோகம் இல்லை, மரம். கல்யாண முருங்கைபோன்ற எடையில்லாத மரத்தைச் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டுகள் பதித்துச் செய்வார்கள். ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் நடிகர் பெ. ராஜகோபாலும் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைக் கட்டியெழுப்பிய பிறகு இந்தக் கலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. மார்ப்பதக்கத்தின் ஒளியியலை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டவெளியில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தெரிய வேண்டிய பொருள் அது. பெரிய வண்ணக் கட்டங்கள் வடிவத்தைத் தூரத்துக்கும் எடுத்துச் செல்கின்றன. நடிகர் கிறுகிறுவென்று சுற்றும்போது தட்டையான கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தைப் பார்வையாளர்மேல் வீசுகின்றன. தொடக்கத்தில் சொன்ன விதியும் விலக்கும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கின்றன. தங்கத்தில் செய்திருந்தால் அந்த எடையோடு கிறுக்கி அடித்துச் சுழலவும் முடியாது.

கொங்கில் நிலைமை வேறு. ஓலப்பாளையத்தில் 1965 வாக்கில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் பதிவு செய்த அண்ணன்மார் கதை, உடுக்கையும் குரலும் வைத்துச் சொல்லப்பட்டது. அங்கே கதை நாயகர்களான பொன்னரும் சங்கரும் என்ன நகை போட்டிருந்தார்கள் என்பதைக் காது பார்த்துக்கொண்டது. அதனால்தானோ என்னவோ இந்தப் பக்கம் பள்ளி நாடகத்துக்கு வேஷ நகை செய்யும் கை அதிகம் இல்லை. கவரிங் கடைக்கு ஓடுகிறோம்.

இனி செய்முறை. குண்டடத்திலிருந்து பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் கம்பெனி வண்டியில் வேலைக்குப் போகிற வீடுகளில் வேண்டிய பண்டம் பெரும்பாலும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும்.

பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எட்டு ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் பதக்கம் போதும். பேக்கிங்குக்கு வரும் தடித்த அட்டையை இரண்டு மடிப்பாக ஒட்டி வெட்டிக்கொள்ளலாம். உருவங்களைக் குறைக்க வேண்டும்: நடுவில் ஒரு சூரியன் அல்லது ஒரு மாங்காய், சுற்றி ஒரு வளையம், கீழே மூன்று தொங்கல். எந்த இரண்டு உருவத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி; பின்வரிசை 30 மீட்டரில் என்றால் 9. மயில், அன்னம், கொடி, யாளி என்று ஆசைப்பட்டால் பின்வரிசைக்கு மறுபடியும் மஞ்சள் கறைதான். எழும்பி நிற்க வேண்டிய கோடுகளை எம்-சீலைத் திரித்து ஒட்டலாம். இரண்டு பங்கையும் நிறம் ஒன்றாகும்வரை பிசையாவிட்டால் அது இறுகாது, கையுறையும் வேண்டும். டெரகோட்டா நகை செய்து பழகியவர்கள் களிமண்ணுக்குப் போவார்கள். ஆடாத வேஷத்துக்கு அது நல்லது, வாள் வீசுகிற பையனுக்குக் கனம், விழுந்தால் உடைசல்.

வண்ணம் பூசும்போது பலரும் முழுவதும் பொன்நிறம் அடித்துவிடுகிறார்கள். அங்கேதான் பதக்கம் தட்டையாகிறது. முதலில் கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு. அது காய்ந்தபின் ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் பொன்நிறம். பள்ளம் இருட்டாகவே இருக்கட்டும். மேடை விளக்கு எல்லா நிழலையும் அழித்துவிடும். நிழலை நாமே வரைந்து கொடுக்க வேண்டும்.

கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டீ-ஷர்ட்டுக்கு ஒட்டும் சிறு ஸ்டோன்களில் எஸ்எஸ் 10 என்பது ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். அவற்றை வைத்து உருவம் வரையக்கூடாது, தூரத்தில் கலைந்துபோகும். மினுக்குக்கு மட்டும் இங்கொன்றும் அங்கொன்றும் போதும். உருவத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வண்ணப் பரப்பு வேண்டும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் கண்ணாடியை வெட்டிப் பதித்தால் பிள்ளைக்குக் கீறாது. அதை அட்டையோடு அட்டையாக ஒட்டிவிட்டால் பயனில்லை. விளக்கு முன்பக்கம் 45 பாகை உயரத்தில் இருந்தால், நேராக நிற்கும் கண்ணாடி அந்த வெளிச்சத்தை மேடைத் தரையில் கொட்டிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குப் போக வேண்டுமென்றால் கண்ணாடி அந்தக் கோணத்தில் பாதி, அதாவது இருபது பாகைக்குச் சற்று மேல், மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கீழ்விளிம்பில் சிறு அட்டைத் துண்டு முட்டுக்கொடுத்தால் சாய்வு வந்துவிடும். எல்லாத் துண்டையும் ஒரே சாய்வில் வைக்காமல் சிலதை இடமும் வலமும் திருப்பினால், பையன் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று மின்னும்.

கயிற்றுக்குத் துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட். சிங்கிள் ஜெர்சித் துணியை அகலவாக்கில் ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி இரண்டு முனையையும் இழுத்தால் தானாகச் சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். ஒரு பக்கக் கண்ணியும் மறுபக்கக் கண்ணியும் வேறுபடுவதால் அந்தத் துணிக்கு விளிம்பு நிற்காது. தையல்காரரைப் படுத்தும் அதே குணம் இங்கே வேலைக்கு ஆகிறது. இன்டர்லாக்கில் இந்த வித்தை பலிக்காது, இரண்டு முகமும் சமம் என்பதால் பட்டை பட்டையாகவே கிடக்கும். மூன்று கயிறு பின்னினால் பாளையக்காரர் கழுத்துக்குத் தகுந்த கனம் தெரியும், எடை இருக்காது.

பதக்கத்தை ஒரே துளையில் தொங்கவிட்டால் அது சுழன்று முதுகைக் காட்டும். மேல்விளிம்பில் நான்கு ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு துளை போட வேண்டும். பின்பக்கம் துணி ஒட்டி, அடிமுனையில் ஒரு நூல் கண்ணி வைத்து, அதை ஊக்கால் சட்டையோடு குத்திவிட வேண்டும். நாட்டியக்காரர்கள் எல்லோரும் செய்வது இது. இல்லாவிட்டால் முதல் குதியிலேயே சின்னமலையின் தாடையில் அடி விழும்.

கழுத்து என்பதால் கடைசியாகக் கொக்கி. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் குழந்தை உடுப்பு தைத்தவர்களுக்கு இது புதிதல்ல: இஎன் 14682 என்ற ஐரோப்பியத் தரநிலை, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் கழுத்துப் பகுதியில் இழுகயிறு வைக்கவே அனுமதிப்பதில்லை. பொத்தானுக்கும் ஜிப்புக்கும் நிக்கல் சோதனை கேட்கும் வாங்குநர்கள் உண்டு. பிள்ளைகளுக்கான பொருள்களில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கா 2011 முதல் வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பார்க்கும் இந்தக் கணக்கை நம் பிள்ளை மேடையேறும்போது மறந்துவிடுகிறோம். சந்தையில் வாங்கும் மலிவு உலோகப் பதக்கத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கையால் செய்த பதக்கத்தில் உலோகமே இல்லாததால் அந்தக் கவலை பெரும்பாலும் போய்விடும். பின்கழுத்தில் முடிச்சும் வேண்டாம், எஸ் கொக்கியும் வேண்டாம். ஒரு அங்குல வெல்க்ரோ போதும். எல்லாம் சேர்ந்து 60 கிராமுக்குள் நிற்கும் பதக்கத்தை அது தாங்கும். ஒத்திகையின்போது பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். விடாவிட்டால் வெல்க்ரோவைப் பாதியாக வெட்டிவிட வேண்டும்.